பதினான்கு பக்க வாலிபால்

அந்த நகரத்தின் மொழித்துறை வருடத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடத்தும். வெளியிலிருந்து பிழைக்க வந்தவர்களில் எத்தனை பேர் ஊர் மொழியைக் கற்றார்கள், எந்த வகுப்பில் கற்றார்கள், எந்தப் பாடநூலைப் பயன்படுத்தினார்கள் என்பதையெல்லாம் துறை அறிய விரும்புவது இயல்புதானே. அந்த வருடக் கணக்கெடுப்பில் ஒரு விபரீதம் வெளிப்பட்டது. மேம்பாலத்துக்குக் கீழே இருக்கும் சமூகக் கூடத்தில் பதினேழு பேர், எந்த வகுப்பிலும் பதிவு செய்யாமல், ஒரு பாடநூலைக்கூடத் தொடாமல், ஊர் மொழியைச் சரளமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

துறை தன் வரலாற்றில் இப்படியொரு முறைகேட்டைக் கண்டதில்லை. 'அனுமதியற்ற மொழிக் கற்றல்' என்று புதிதாக ஒரு கோப்பு திறக்கப்பட்டது. கோப்பு திறந்துவிட்டால் அதற்குள் எதையாவது வைத்தாக வேண்டும். ஆகவே சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஓர் இன்ஸ்பெக்டர் நேரில் போனார்.

கூடத்தில் வாலிபால் நடந்துகொண்டிருந்தது. வலையின் ஒரு முனை ஜன்னல் கம்பியிலும் மறுமுனை தண்ணீர்க் குழாயிலும் கட்டியிருந்தது. ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் வியர்வை வழிய ஓடிக்கொண்டிருந்தது. விளையாட்டை விடச் சத்தம் அதிகம். "எடு, எடு!" "என்னோடது, நீ தள்ளு!" "விடுய்யா, வெளிய போகுது!" "உள்ளதான் விழுந்துச்சு, உன் கண்ணு எங்க போச்சு?" இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று கேட்டார். ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக இருந்தன. அவர் குறிப்பேட்டைத் திறந்தார்.

முதலில் கையில் அகப்பட்டவர் ஒரு டாக்ஸிக்காரர். பந்து எந்தப் பக்கம் வந்தாலும் இரண்டடி பின்னால் போவார் என்பதால் கூடத்தில் அவருக்கு 'ரிவர்ஸ்' என்று பெயர்.

"உங்களுக்கு இந்த மொழியை யார் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் சொல்லிக் கொடுக்கல சார்."

"யாரும் சொல்லிக் கொடுக்கலன்னா, 'யாரும் சொல்லிக் கொடுக்கல'ன்னு எப்படிச் சொல்றீங்க?"

ரிவர்ஸ் இதை நேர்மையாக யோசித்தார். "வாயால சார்."

இன்ஸ்பெக்டர் 'வாய்வழிப் பயிற்சி' என்று குறித்துக்கொண்டார். அடுத்தது ஒரு தையல்காரம்மா. "நான் வந்த புதுசுல ஒரு வார்த்தை தெரியாது சார். முதல் நாளே பந்து மூக்குல பட்டுச்சு. அன்னிக்கே நாலு வார்த்தை கத்துக்கிட்டேன்" என்றாள். என்ன வார்த்தைகள் என்று கேட்டார். சொன்னாள். இன்ஸ்பெக்டர் முதல் வார்த்தையை மட்டும் எழுதிக்கொண்டு மற்ற மூன்றையும் கோடு போட்டுக் காட்டினார்.

கடைசியில் விசில் வைத்திருந்தவளிடம் வந்தார். பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. சனிக்கிழமை மாலையில் இங்கே கோச். எல்லோருக்கும் 'கோச்சக்கா'. பதினோரு வருடமாக இந்தக் கூடத்தில் வலை கட்டுகிறாள்.

"நான் மொழி எதுவும் சொல்லித் தரலைங்க. பந்து எடுக்கத்தான் சொல்லித் தர்றேன்."

"அப்ப மொழி எப்படி வருது?"

"பந்து வரும்போது அதுவும் கூடவே வந்துடுது."

"பாருங்க மேடம். பந்தோட மொழி வருதுன்னா, பந்து போடறவங்க மொழி போடறவங்க. மொழி போடறவங்க மொழி ஆசிரியர். பெரியவங்களுக்கு மொழி சொல்லித் தர்ற ஆசிரியர் முனைவர் பட்டம் வாங்கியிருக்கணும். புது ஆணை. உங்களுக்கு இருக்கா?"

"நடுவர் சர்ட்டிஃபிகேட் இருக்கு."

"அதுல மொழி இருக்கா?"

"கை ஜாடைதான்."

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. ஒன்று, விளையாட்டை நிறுத்த வேண்டும். அல்லது பொறுப்பாளர் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்து, மேற்படி கூடத்தில் மேற்படி கற்றல் எங்ஙனம் மேற்படி நிகழ்கிறது என்பதை நிரூபிக்க வேண்டும். கோச்சக்கா அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். அவள் கணவன் பஸ் டிரைவர். கடிதத்தை இரண்டு தடவை படித்தான். இரண்டாவது தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு.

"சரி, மூணு வருஷம் படிச்சுட்டு என்ன செய்யப் போறே?"

"சனிக்கிழமை பந்து போடுவேன்."

"அதான் இப்பவே போடறியே?"

"இப்பப் போட்டா தப்பாம். படிச்சுட்டுப் போட்டாச் சரியாம்."

"விட்டுத் தொலையேன். சனிக்கிழமை வீட்ல கால் நீட்டி உக்காரலாம்ல?"

அவளால் விட முடியாது. தையல்காரம்மா வாரத்தில் ஆறு நாள் ஏற்றுமதிக் கம்பெனியில் காது அடைக்கும் மெஷின் சத்தத்தில் வாய் திறக்காமல் இருக்கிறவள். நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள், முதியோர் விடுதியில் வேலை; அங்கே அவள் பேசுவது யார் காதிலும் விழாது. தச்சர் ஒருவர் தனி அறையில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறவர். இவர்களெல்லாம் ஒருவரையொருவர் பெயர் சொல்லித் திட்டிக்கொள்ள இந்த ஊரில் இருந்த ஒரே இடம் அந்தக் கூடம். பூட்டு போட்டால் அவர்கள் சனிக்கிழமைகளை என்ன செய்வார்கள்? கோச்சக்கா பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறினாள். கணவனே ஓட்டிப் போய் இறக்கிவிட்டான், அது அவனுடைய ரூட்தான்.

நெறியாளராக ஒரு பேராசிரியை கிடைத்தார். அறை முழுக்கப் புத்தகம். நாற்காலி மேலிருந்த புத்தகங்களை எடுத்துத் தரையில் வைத்தால்தான் உட்கார முடியும். தரையில் வைத்தால் கால் வைக்க முடியாது. கோச்சக்கா நின்றுகொண்டே தன் தலைப்பை நீட்டினாள். 'வாலிபால் ஆடினால் மொழி வருகிறது.'

பேராசிரியை அதைப் படித்துவிட்டு வருத்தத்தோடு நிமிர்ந்தார். "இதுல எல்லாம் புரியுதேம்மா."

"ஆமாங்க."

"தலைப்பிலேயே புரிஞ்சுட்டா, மீதி முந்நூறு பக்கத்துக்கு என்ன செய்வீங்க?"

அது கோச்சக்கா யோசிக்காத விஷயம். பேராசிரியை பென்சிலை எடுத்தார். "வாலிபால்னு எழுதக் கூடாது. அது மக்கள் வழக்கு. பந்துன்னும் கூடாது. பந்துங்கறது ஒரு முன்முடிவு."

"அப்ப அதை என்னன்னு சொல்றது?"

"கோளப் பொருள். ஆடுறதுன்னும் சொல்ல முடியாது, அதுல சந்தோஷம் ஒளிஞ்சிருக்கு. 'பரிமாற்றம்'னு போட்டுக்கலாம்."

முக்கால் மணி நேரத்தில் தலைப்பு தயாரானது: 'இடம்பெயர் வயதுவந்தோரிடையே வலையிடைக் கோளப்பொருள் பரிமாற்றத்தின் வழி நிகழும் திட்டமிடப்படாத மொழிவயமாதல்: ஒரு பன்முகச் சட்டக அணுகுமுறை.' கோச்சக்கா அதை மூன்று தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். மூச்சு வாங்கியது. உடற்பயிற்சியாக எடுத்துக்கொண்டால் நல்லதுதான் என்று நினைத்தாள்.

அடுத்தது ஆய்வு நெறிமுறைக் குழு. மனிதர்களை வைத்து ஆய்வு செய்தால் அவர்களுக்குத் தீங்கு வரக்கூடாது என்று பார்த்துக்கொள்கிற குழு. அதில் மூன்று பேர். மூவரும் நல்லவர்கள், அதுதான் பிரச்சினை. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. அவருக்கு இடப்பக்கம் ஒரு மருத்துவர், வலப்பக்கம் ஒரு தத்துவப் பேராசிரியர். பதினான்கு பக்க ஒப்புதல் படிவம் ஒன்றை மேஜைமேல் வைத்தார்கள்.

"ஒவ்வொரு பங்கேற்பாளரும் இதைப் படித்து, நன்கு புரிந்துகொண்டு கையெழுத்துப் போடணும்" என்றார் நீதிபதி.

"சரிங்க. அவங்க மொழியில மொழிபெயர்த்துக் கொடுத்துடலாமா? பதினேழு பேர், ஒன்பது மொழி."

"மொழிபெயர்ப்பு சட்டப்படி செல்லாது. ஊர் மொழியிலதான் இருக்கணும்."

"இதைப் படிச்சுப் புரிஞ்சுக்கற அளவுக்கு ஊர் மொழி தெரிஞ்சவங்க..." என்று மருத்துவர் இழுத்தார்.

"மொழி தெரிஞ்சவங்க" என்று தத்துவப் பேராசிரியர் முடித்தார். "மொழி தெரிஞ்சவங்க மொழி கற்றல் ஆய்வுக்குத் தகுதியில்லாதவங்க."

"அப்ப புரியாதவங்களைச் சேத்துக்கலாமா?" என்று கோச்சக்கா கேட்டாள்.

"புரியாதவங்க கையெழுத்துப் போட்டா அது ஒப்புதலே இல்ல. மோசடி."

கூரை விசிறி சுற்றியது. மூன்று பெரிய மூளைகள் ஒரே நேரத்தில் வேலை செய்வதைக் கோச்சக்கா அதுவரை பார்த்ததில்லை. கால் மணி நேரம் கழித்து நீதிபதி தீர்ப்பு சொன்னார். பங்கேற்பாளர்கள் மொழியைப் புரிந்துகொள்ளக் கூடாது. படிவத்தை மட்டும் புரிந்துகொள்ளலாம். அதற்காக ஒவ்வொரு வாரமும் விளையாட்டுக்கு முன்பு பதினான்கு பக்கத்தையும் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். ஏற்கெனவே கற்ற மொழி கணக்கில் வராது, அது அனுமதியற்றது.

கூடம் அவர்களுக்கு வாரத்தில் ஒன்றரை மணி நேரம்தான் கிடைக்கும். படிவம் படிக்க ஐம்பது நிமிடம். முதல் சனிக்கிழமை கோச்சக்கா விசிலைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினாள். பதினேழு பேரும் டிராயரும் பனியனுமாகத் தரையில் உட்கார்ந்தார்கள்.

"நான், கீழே கையொப்பமிடும் பங்கேற்பாளர், மேற்கண்டவற்றைப் படித்து அல்லது படிக்கக் கேட்டு, எவ்வித வற்புறுத்தலுமின்றி, எந்நேரத்திலும் எக்காரணமும் கூறாமல் விலகிக்கொள்ளும் உரிமையுடன்..."

"கோச்சக்கா," தச்சர் கையைத் தூக்கினார், "இதுல பந்து எப்ப வரும்?"

"பன்னெண்டாம் பக்கத்துல."

இரண்டாவது மாதம் குழு ஒரு மேற்பார்வையாளரை அனுப்பியது. நாற்காலி போட்டு வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கோடு போட்டார். ஆட்டம் முடிந்ததும் கோடுகளை எண்ணிவிட்டு முகம் வெளுத்துப்போனார்.

"மேடம், படிவத்துல ஒரு இடையீட்டுக்குத்தானே ஒப்புதல் வாங்கியிருக்கீங்க? இங்க கோளப் பொருள் இருநூத்தி எண்பது தடவை வலையைத் தாண்டியிருக்கு."

"அதுதாங்க விளையாட்டு."

"அது இருநூத்தி எண்பது இடையீடு. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ஒப்புதல் வேணும்."

குழு பெருந்தன்மையோடு இதைச் சுருக்கிக் கொடுத்தது. பந்தை அடிப்பவர், "இது தங்கள் மேலான பரிசீலனைக்கு" என்று சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். எடுப்பவர், "எவ்வித வற்புறுத்தலுமின்றி ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். இருவருமே இவற்றைத் தவிர வேறு எதையும் கத்தக் கூடாது. கத்தினால் தரவு கெட்டுவிடும்.

முதல் வாரங்களில் 'எவ்வித' என்று ஆரம்பிப்பதற்குள் பந்து தரையில் விழுந்து ஜன்னல் வரை உருண்டுவிடும். ஆனால் மனிதன் எதற்கும் பழகுகிறவன். பந்தை உயரமாக, கூரையைத் தொடுகிற மாதிரி போட ஆரம்பித்தார்கள். பந்து மேலே போய்த் திரும்பி வருவதற்குள் முழு வாக்கியத்தையும் சொல்லி முடித்து மூச்சும் விட்டுக்கொள்ளலாம். இரண்டு டியூப்லைட் உடைந்தன. ஆட்டம் மெதுவாக, கம்பீரமாக, ஒரு பதவியேற்பு விழா மாதிரி ஆனது.

பிறகு பேராசிரியை கட்டுப்பாட்டுக் குழுவை நினைவூட்டினார். "ஒப்பிட்டுப் பாக்கணும்னா எல்லாம் ஒண்ணா இருக்கணும், ஆய்வுப் பொருள் மட்டும் இருக்கக் கூடாது."

"புரியலைங்க."

"இன்னொரு அணி. அதே வலை, அதே நேரம். கோளப் பொருள் மட்டும் கிடையாது."

ஆகவே பாதிப்பேர் பந்தில்லாமல் வாலிபால் ஆடினார்கள். ஆடிப் பார்த்தால் அது நன்றாகவே இருந்தது. பந்து வெளியே போனதா உள்ளே விழுந்ததா என்ற சண்டையே வரவில்லை. யாருக்கும் விரல் சுளுக்கவில்லை. அந்த அணியில்தான் ரிவர்ஸ் ஜொலித்தார். பின்னால் போக வேண்டிய அவசியமே இல்லாததால் வலைக்கு நெருக்கமாக நின்று, துள்ளித் துள்ளி அடித்து, மூன்று மாதத்தில் அணித் தலைவர் ஆனார். மேற்பார்வையாளர் அவரைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுதினார்.

விஷயம் மெல்லக் கூடத்தைத் தாண்டி வெளியே கசிந்தது. வாரம் ஐம்பது நிமிடம் ஒரே சங்கதியைக் கேட்டால் அது எலும்பில் ஏறிவிடும். ரிவர்ஸ் ஒருநாள் தன் டாக்ஸியில் ஏறிய ஒரு பெரியவரிடம், "தாங்கள் எந்நேரத்திலும், எக்காரணமும் கூறாமல், இதிலிருந்து விலகிக்கொள்ளலாம்" என்றார். பெரியவர் அடுத்த சிக்னலிலேயே கதவைத் திறந்து இறங்கிவிட்டார். தையல்காரம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு பெண்ணுக்குச் சட்டை அளவெடுத்துக்கொண்டே, "இதனால் தங்களுக்கு நேரடிப் பலன் ஏதும் கிட்டாமல் போகலாம், ஆயினும் வருங்காலத் தலைமுறைக்கு உதவக்கூடும்" என்றாள். அந்தப் பெண் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள், அளவு நாடாவைப் பார்த்தாள், பிறகு வேறு ஆளிடம் போனாள்.

நன்மையும் நடந்தது என்பதைச் சொல்லாவிட்டால் தப்பு. தச்சர் ரொம்ப நாளாக நர்ஸின் மேல் ஒரு கண் வைத்திருந்தார். சொல்ல வார்த்தை இல்லாமல் இருந்தது. ஒரு சனிக்கிழமை வலையைச் சுருட்டும்போது அவள் பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமினார்.

"இதில் எதிர்பார்க்கப்படும் அபாயங்கள் அன்றாட வாழ்வின் அபாயங்களை விட அதிகமல்ல. தங்கள் விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படும். ஐயங்கள் இருப்பின் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்."

நர்ஸ் வலையின் மறு நுனியைப் பிடித்தபடி அவரையே பார்த்தாள். அவளிடம் யாரும் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. "முன்னாடி, ஒழுங்காப் பந்தைத் தூக்கிப் போடக்கூடத் தெரியாதுன்னு என்னைத் திட்டினீங்கள்ல?" என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "எவ்வித வற்புறுத்தலுமின்றி" என்று மட்டும் சொன்னாள். மாதம் முடிவதற்குள் கல்யாணம். பதிவு அலுவலகத்தில் அதிகாரி படிவத்தை நீட்டினார். மணமக்கள் பார்க்காமலே ஒப்பித்தார்கள். அதிகாரி கண் கலங்கிவிட்டார்.

மூன்று வருடம் முடிந்தது. மொழித்துறை தன் சொந்தத் தேர்வை எடுத்துக்கொண்டு வந்தது. தேர்வு என்பது ஒரு விண்ணப்பத்தைப் படித்து நிரப்புவது. பதினேழு பேரும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. ஊரில் பிறந்து வளர்ந்தவர்களின் சராசரி நாற்பத்தொன்று. பந்துள்ள அணிக்கும் பந்தில்லாத அணிக்கும் ஒரு மதிப்பெண் வித்தியாசமில்லை.

கோச்சக்காவின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு நாளில் பெரிய அரங்கம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் இன்ஸ்பெக்டர், நீதிபதி, மேற்பார்வையாளர். பின்வரிசையில் பஸ் டிரைவர், யூனிஃபார்மோடு. கோச்சக்கா இரவல் வாங்கிய கோட்டில், புழுக்கத்தில், மேடையில் நின்றாள்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார்: "கோளப் பொருள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவு ஒன்றுதான் என்று காட்டியிருக்கிறீர்கள். அப்படியானால் மொழி எதிலிருந்து வந்தது?"

"படிவத்துலேர்ந்துங்க."

அரங்கத்தில் ஒரு சலசலப்பு. பேராசிரியை கைக்குட்டையை எடுத்தார்.

"விளக்குங்கள்."

கோச்சக்கா எழுதி வைத்திருந்ததைப் படிக்கவில்லை. மனதில் இருந்ததைச் சொன்னாள். "முன்னாடி அவங்க பேசினாங்க. சண்டை போட்டாங்க, கேலி பண்ணினாங்க. தப்புத்தப்பாப் பேசினாங்க, ஆனா அவங்களாப் பேசினாங்க. இப்ப ஒரு தப்பு கிடையாது. ஆனா யாரும் யாரையும் திட்டறதில்ல. பந்து விழுந்தாக்கூடச் சிரிக்கறதில்ல. மொழியைக் கொடுத்து வாயை வாங்கிக்கிட்டோமோன்னு எனக்குப் பயமா இருக்கு."

தேர்வாளர் மெதுவாக எழுந்தார். கோச்சக்கா, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

"அற்புதம்" என்றார் அவர். "ஆய்வின் வரையறைகளை இவ்வளவு நேர்மையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இதை அப்படியே ஏழாம் இயலின் கடைசியில், சின்ன எழுத்தில் சேர்த்துவிடுங்கள்."

கைதட்டல் அடங்க இரண்டு நிமிடம் ஆனது. இன்ஸ்பெக்டர் ஓடிவந்து கை குலுக்கி, நகரத்தில் உள்ள எல்லாக் கூடங்களிலும் இனி இதே முறைதான், பந்துக்கு ஆகும் செலவும் மிச்சம் என்றார். வீட்டுக்குப் போகும் வழியில் கணவன், "டாக்டரம்மா, முன்சீட்ல உக்காரு" என்றான். "தங்கள் அழைப்பை ஏற்கிறேன்" என்று சொல்லி உட்கார்ந்தாள். அவன் சிரித்தான். அவள் கேலிக்குச் சொல்லவில்லை என்பது இரண்டு ஸ்டாப் தாண்டித்தான் அவனுக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

தொண்ணூற்றெட்டு மதிப்பெண் வாங்கியவர்களை அலுவலகங்கள் சும்மா விடுமா? ஆறே மாதத்தில் பதினேழு பேரையும் அள்ளிக்கொண்டன. தையல்காரம்மா ஓய்வூதியப் பிரிவில். தச்சரும் நர்ஸும் ஒரே மாடியில், எதிரெதிர் மேஜை. ரிவர்ஸ் சமூகக் கூடங்களின் ஒதுக்கீட்டுக் கவுன்ட்டரில். கண்ணாடிக்குப் பின்னால், கழுத்துப்பட்டையோடு. சனிக்கிழமை கூடம் காலியாகக் கிடந்தது. வலை மட்டும் ஜன்னல் கம்பியில் தொங்கியது.

கோச்சக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஒதுக்கீட்டுக் கவுன்ட்டருக்கே போனாள். ரிவர்ஸ் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முகமெல்லாம் மலர்ச்சி.

"கோச்சக்கா! தங்கள் வருகை மகிழ்ச்சியளிக்கிறது."

"எனக்கும்தான். சனிக்கிழமை நாலு மணிக்குக் கூடம் வேணும். எல்லாரையும் கூப்பிடு. சும்மா ஒரு ஆட்டம் ஆடுவோம், பழைய மாதிரி."

ரிவர்ஸின் முகம் வாடியது. பதிவேட்டைப் புரட்டினார். "'சும்மா' என்ற இனத்தில் ஒதுக்கீடு இல்லையே, கோச்சக்கா."

"வேற எந்த இனத்துல இருக்கு?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கண்ணாடி ஓட்டையில் வாயை வைத்தார். அவருக்குக் கோச்சக்கா மேல் உண்மையான பிரியம். "'முனைவர் பட்டத்திற்குப் பிந்தைய களப்பணி'ன்னு போட்டா வாராவாரம் தரலாம். பாக்கறவங்களுக்கும் தனியா நாற்காலி உண்டு."

போட்டாள். சனிக்கிழமை எல்லோரும் வந்தார்கள், அலுவலகத்திலிருந்து நேராக. சட்டைப் பையில் பேனா, கையில் கோப்பு. வலையைக் கட்டினார்கள். கோச்சக்கா புதுப் பந்து ஒன்று வாங்கி வந்திருந்தாள். தரையில் தட்டினால் கூடம் முழுக்க எதிரொலித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒன்றிரண்டு முகங்களில் ஏதோ ஒன்று மினுங்கியது போல் அவளுக்குப் பட்டது.

"இது தங்கள் மேலான பரிசீலனைக்கு" என்றார் தச்சர். பந்து கூரைக்குப் போனது. தையல்காரம்மா, இது தன் பிரிவைச் சேர்ந்ததா பக்கத்துப் பிரிவைச் சேர்ந்ததா என்று நர்ஸிடம் விளக்கம் கோரினாள். நர்ஸ் பரிந்துரைத்தாள். பந்து விழுந்தது. அனைவரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் வாசலில் ஒரு ஆள் நிற்பதைக் கோச்சக்கா பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை போல. முழங்கை வரை வெள்ளைப் புள்ளிகள், தோளில் பிரஷ் வைத்த பை. ஊருக்குப் புதுசு என்பது நிற்கிற விதத்திலேயே தெரிந்தது. பந்தையும் வலையையும் பார்த்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"நான்... வரலாமா?" என்று கையால் பந்து தட்டுகிற மாதிரி காட்டினார்.

கோச்சக்காவின் நெஞ்சு துள்ளியது. மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு புது ஆள்! வாய்யா, வந்து நில்லு, பந்து வந்தா எடு, விட்டா திட்டுவோம் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"தாங்கள் பங்கேற்பாளராக வர விழைகிறீர்களா, பார்வையாளராகவா என்பதைத் தெரிவித்தால், உரிய படிவத்தை..."

அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. வாயை மூடிக்கொண்டு மறுபடி திறந்தாள். "அதாவது, மேற்படி..." என்றது வாய்.

உள்ளே பதினேழு பேரும் ஆட்டத்தை நிறுத்தி, மரியாதையாக, அவருக்கு வழிவிட்டு நின்றார்கள். ரிவர்ஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நர்ஸ் ஒரு பேனாவை நீட்டினாள்.

பெயின்ட்காரரின் சிரிப்பு மெல்ல மறைந்தது. பேனாவைப் பார்த்தார், கோப்புகளைப் பார்த்தார், வலையைப் பார்த்தார். பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு, ரொம்பப் பணிவாகத் தலை குனிந்தார்.

"ஓ, ஆபீஸ்!" என்றார். "மன்னிக்கணும். தூரம் பாத்தா... விளையாட்டு மாதிரி இருந்துச்சு."